பெட்ரோல் மூடிக்குள் ஒரு வெள்ளைக் கோடு

"ஒரே ஒரு இடத்துல வெள்ளை இருக்குன்னு காட்டு, கார் சாவியை உன் கையிலேயே கொடுத்துடறேன்" என்று போனில் மகளிடம் பந்தயம் கட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் குளிக்கப் போனார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலில் நின்ற கறுப்புக் காரைச் சுற்றி வந்து பார்த்தவள் மனைவிதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. கிட்டே போனால்தான் வண்டவாளம் தெரிந்தது. காலையெல்லாம் அவர் பூசிய மெழுகு, கதவு இடுக்கிலும் கைப்பிடிக் குழியிலும் ஜன்னல் ரப்பர் ஓரத்திலும் சுண்ணாம்பாகக் காய்ந்து நின்றது. பின்பக்கம் பதித்த எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை. பம்பரில் தேமல் போலத் திட்டுத் திட்டாய் வெள்ளை. துடைத்தவர் கண்ணுக்கு ஒன்றுமே பட்டிருக்கவில்லை.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பாலிஷ் போட்டு முடித்ததும் மகள் சோதனை போடுவது அந்த வீட்டு வழக்கம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "இன்ஸ்பெக்டரம்மா வராங்க, வழி விடுங்க" என்று கைகட்டி ஒதுங்கி நிற்பார். அவளும் கைக்குட்டை முனையை முறுக்கி இடுக்கு இடுக்காக விட்டுப் பார்ப்பாள். முதல் சோதனை பெட்ரோல் மூடிக்குள். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் அதுதான் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஒருநாளும் அவளுக்கு வெள்ளை அகப்பட்டதில்லை.

இப்போது அது விளையாட்டாக இல்லை. கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "என் கண்ணுக்கு என்ன கேடு?" என்பார். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். பட்டப்பகலில், நேர் எதிரே வந்தவர். "எங்கேருந்து முளைச்சான் இவன்?" என்றார் இவர். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் மனைவி. மகளிடம் சொன்னவளும் அவள்தான். அதில் வந்த சண்டையில் பிறந்ததுதான் இந்தப் பந்தயம்.

பேசாமல் விட்டுவிடலாம். மகள் வருவாள், பார்ப்பாள், சாவி போய்விடும். ரோட்டில் போகிறவர்களுக்காவது நல்லது. இப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் உள்ளே போய்ப் பழைய டூத் பிரஷையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரையும் எடுத்து வந்தாள். சாவி போன பிறகு அந்த மனுஷர் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது.

எழுத்துகளை பிரஷால் மெல்லத் தேய்த்தாள். பிரஷ் போகாத சந்தில் குச்சி முனையில் துணியைச் சுற்றி விட்டாள். பம்பர் திட்டு தண்ணீருக்கு மசியவில்லை. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை வைத்துத் தேய்த்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, காருக்குப் பல்லு தேய்ச்சு விடறீங்களா?"

"ஆமா, வாய் நாறுதாம்."

"அண்ணன் செய்யற வேலையாச்சே?"

"அவர்தான் செஞ்சார். நான் சும்மா பார்க்கறேன்."

கடைசியாக பெட்ரோல் மூடியைத் திறந்தாள். கீல் ஓரத்தில் தடித்த வெள்ளைக் கோடு. பிரஷை வைக்கப் போன கை அப்படியே நின்றது. இதை மட்டும் விட்டுவிட்டால்? காட்டிக்கொடுத்தது நானாக இருக்காது, மெழுகாக இருக்கும். மூடியை அழுத்திச் சாத்தினாள்.

அவர் ஈரத்தலையோடு வந்து காரின் முதுகைத் தடவினார். "எப்படி? கண்ணு கூசுதில்ல?"

"கூசுதுங்க."

"கையில என்ன அது, கரண்டியா?"

அவள் பிரஷைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

மகள் வந்ததும் அவர் கைகட்டி ஒதுங்கினார். "இன்ஸ்பெக்டரம்மா, கடமையைச் செய்யுங்க."

"சாவியைத் தயாரா வச்சுக்கங்கப்பா."

"முதல்ல கண்டுபிடி பாப்பா, அப்புறம் பேசு."

மகள் நேரே பெட்ரோல் மூடிக்குத்தான் போனாள். திறந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அம்மா மனசுக்குள் கெஞ்சினாள். சொல்லிவிடு, தாயே, உன் வாயால் சொல்லிவிடு.

மகள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் மார் விரிய நின்றுகொண்டிருந்தார். பார்வை மட்டும் அவள் மேல் இல்லை, அவளுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரில் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகளின் கட்டைவிரல் மூடிக்குள் போய் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தது. மூடி சாத்தப்பட்டது.

"ஒண்ணும் இல்லப்பா. ஜெயிச்சுட்டீங்க."

"சொன்னேன்ல. ஏறுங்க ரெண்டு பேரும், ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

மகள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா மகளின் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளை அப்பியிருந்தது.

"முன்னாடி நான் உட்கார்றேன்" என்றாள் அம்மா.

தெருமுனை திரும்பும்போது அவள் கை தானாகவே டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது.

"பாத்துங்க, சைக்கிள்."

"தெரியுது, தெரியுது" என்றார் அவர். எந்தப் பக்கம் என்று அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவர் தலை மெல்ல, சைக்கிள் இல்லாத பக்கம் திரும்பியது.