முடிச்சுப் போட்டு நறுக்கிய நோட்டுப் புத்தகம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான்காவது வாரம், சிஸ்டர் நூலகத்திலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்களுக்கான எளிய கைவேலைகள். காகிதப் பை, துணிப் பூ, பழைய டப்பாவில் பேனா ஸ்டாண்டு, கையால் தைக்கும் நோட்டுப் புத்தகம். தெருவே அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிடுவோம். முப்பத்து நாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தவள்.

அவள் புருஷன் தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்துப் போட்டு, அவளுக்கு மூன்று வருஷம் முன்பே ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து கூடத்து நாற்காலியை விட்டு எழுந்தாரா என்றால், எழுந்தார், சாப்பிடவும் தூங்கவும். ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று அவரை ஒரு ஆள் கேட்டதுண்டா? மூச். சிஸ்டர் ஒரு பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்ததும்தான் அவருக்கே கேள்வி முளைத்தது.

"இந்த வயசுல எதுக்கும்மா இந்த விளையாட்டு? கடையில நோட்டு கிடைக்கலையா?" என்றார் புருஷன்.

"கிடைக்குது. நான் செஞ்சது கிடைக்கலை" என்றாள் சிஸ்டர்.

மேஜையில் ஒரு துண்டை விரித்து, கத்தரி, அளவுகோல், ஓட்டை குத்தும் ஊசி, தையல் ஊசி ஐந்து, மெழுகு தடவிய நூல் என்று வரிசையாக அடுக்குவாள். முடித்ததும் ஊசியை எண்ணாமல் எழுந்திருக்க மாட்டாள். வயிற்றுக்குள் ஒன்றை விட்டுவிட்டுத் தைத்துவிடக் கூடாதே என்று முப்பத்து நாலு வருஷம் எண்ணிய பழக்கம். ஒருநாள் ஐந்து நாலாகிவிட்டது. புருஷனை நாற்காலியிலிருந்து கிளப்பி, மெத்தையை உதறி, தரையைக் கூட்டி, வீட்டையே தலைகீழாக்கிவிட்டாள். ஊசி பசைக் கிண்ணத்தில் இருந்தது. அது கிடைக்கும்வரை அன்றைக்குச் சாப்பாடு இல்லை.

நோட்டு விஷயத்துக்கு வருவோம். தாள்களை நாலு நாலாக மடித்து, மடிப்பின் முதுகில் ஐந்து ஓட்டை குத்தி, ஒரே நூலை ஆரம்பம் முதல் கடைசி வரை உள்ளே வெளியே ஓட்டி, கடைசியில் ஒரே ஒரு முடிச்சு. புத்தகம் அப்படித்தான் சொன்னது. சிஸ்டரின் கை கேட்டால்தானே? தியேட்டரில் ஒவ்வொரு தையலும் தனி. டாக்டர் முடிச்சுப் போடுவார், இவள் நறுக்குவாள். மறுபடி முடிச்சு, மறுபடி நறுக்கு. அந்தக் கை நோட்டையும் அப்படியே தைத்து வைத்தது. பாதி தைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாமா என்று யோசித்தாள். நூலைத் தொட்டுப் பார்த்தாள். என் கை போட்டது, இருக்கட்டும் என்று மிச்சத்தையும் அப்படியே முடித்தாள்.

பழைய தலையணை உறையை அட்டையில் ஒட்டி மேலே போர்த்தினாள். அழகா என்று கேட்காதீர்கள். முதுகெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு, முழுசாகத் திறக்கவும் மாட்டேன் என்று அடம் பிடித்தது. சிஸ்டருக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாக இருந்தது. மனுஷி கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். கை நிறையப் பழமும் வாய் நிறைய அண்ணியுமாக வந்தால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்ப நாளையிலேர்ந்து வந்துடுங்க அண்ணி. காலையில ஒன்பது மணி. நர்ஸ் பொண்ணு போன மாசமே நின்னுட்டா, நான் ஒத்தை ஆளா அல்லாடுறேன்."

சிஸ்டர் புருஷனைப் பார்த்தாள். புருஷன் ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க வரணும்?"

"அண்ணன் சொல்லலையா? போன வாரமே சரின்னுட்டாரே."

ஆக, மனுஷர் இவள் பகலையெல்லாம் எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாரமாக வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாசம் என்று கூப்பிடுவார்கள், அது ஆறு மாசமாகும். பிறகு அவளைக் கேட்கவே மாட்டார்கள். நாளைக்கு ஒரு நாள் போனால் மிச்ச ஆயுசும் போயிற்று என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கொழுந்தன் மேஜையிலிருந்த நோட்டைக் கையில் எடுத்தான். "இதென்ன அண்ணி, நோட்டா, ஆபரேஷன் பண்ணின வயிறா?" என்று சிரித்தபடி இரண்டு அட்டையையும் பிடித்து விரித்து அழுத்தினான். டப்பென்று ஒரு தையல் அறுந்தது. அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

சிஸ்டர் நோட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒரு தாள்கூட விழவில்லை.

"ஒண்ணு அறுந்தா மத்தது நிக்கும் தம்பி. நீங்க படிச்சிருப்பீங்களே."

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன். உங்க அனுபவத்துக்கு இப்படிக் காகிதம் ஒட்டிக்கிட்டு உக்காரலாமா? நாலு பேருக்கு உபகாரமா இருக்கும்ல. எல்லாம் வீணாப் போகுதே."

"போகட்டும். என்னுதுதானே."

"என்ன அண்ணி இப்படிப் பேசுறீங்க?"

"முப்பத்து நாலு வருஷம் அடுத்தவங்க கை நீட்டினப்பல்லாம் கேட்டதை எடுத்துக் குடுத்த கை இது. குறை சொல்லலை, சம்பளம் வாங்கினேன், மனசாரத்தான் செஞ்சேன். இப்ப இது எனக்கு வேணும். கோணலாத் தைச்சாலும் சரி."

புருஷனுக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "நான் வாக்குக் குடுத்துட்டேன். தம்பி முன்னாடி என் மானத்தை வாங்காதே."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வீட்ல சும்மாதானே இருக்கே."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். சிஸ்டர் கத்தவில்லை, தியேட்டரில் யாரும் கத்த மாட்டார்கள். மேஜையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, ஊசி போடறதுக்கும் கட்டுக் கட்டறதுக்கும் படிச்ச பொண்ணா ஒருத்தியைச் சம்பளம் குடுத்து வெச்சுக்கோங்க. டோக்கன் குடுக்க, பேர் கூப்பிட, கதவு திறக்க வாக்குக் குடுத்தவரே வருவார். ஒன்பது மணிதானே?"

"நானா?" என்றார் புருஷன்.

"வாக்கு உங்களுதுதானே. என் வாயிலேர்ந்து வரலையே."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணனுக்குத் தம்பி முன்னால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மானம் போகக் கூடாது என்று இப்போதுதானே அவரே சொன்னார். வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டு, அதை மூன்று முறை தடவிப் பார்த்து, "நிஜமாவே போகணுமா?" என்று வாசலில் நின்று கேட்டார். சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். அவர் தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டை விரித்தாள்.

சாயந்திரம் ஆறரைக்கு அவர் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. செருப்பைக் கழற்றியபோது பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. நாற்காலியில் விழுந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"உக்கார ஒரு ஸ்டூல்கூடப் போடலைம்மா. தண்ணி குடிச்சியான்னு கேக்கலை. கூடப்பிறந்த தம்பி."

சிஸ்டர் இரண்டாவது நோட்டின் அட்டைக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எப்படி இத்தனை வருஷம் நின்னே?"

அவள் கை நின்றது.

"நமக்குக் கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம் ஆச்சு" என்றாள். "இதைக் கேக்க உங்களுக்கு இன்னிக்குத்தான் தோணியிருக்கு."

அவர் குனிந்து தன் பாதங்களை அமுக்கிவிட்டுக்கொண்டார். பிறகு, மெதுவாக, "தைலம் எங்க இருக்கு?" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு எழுந்து போய் எடுத்து வருவதுதான் அவள் பதிலாக இருந்தது. அவளுடைய முழங்கால் பழக்கத்தில் ஒருமுறை அசையக்கூட அசைந்தது. சிஸ்டர் அதை அப்படியே இருத்தி வைத்தாள்.

"அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்கு. நீங்களே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, துணியின் அடுத்த ஓரத்துக்குப் பசை தடவினாள்.