மூன்று திரைகளும் இரண்டு முள்ளும்

வெர்லின் ஹாக்ஸ்டாட் ஒன்பது வருடமாக ஒரு விமானம் கட்டினார். ஓய்வு பெற்ற பல் மருத்துவர் என்பதால், துளை போடுவதில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. மற்றதில் சொல்லலாம். ஓரிகன் பள்ளத்தாக்கின் அந்தச் சின்ன விமானத்தளத்தில், சனிக்கிழமை காலை டோனட் தின்னக் கூடுகிறவர்கள் சொல்லியும் வந்தார்கள்.

விமானம் எதற்கு என்று மனைவி ஆர்லிஸ் கேட்டபோது அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். ஆர்லிஸின் அக்கா கடற்கரையில் இருக்கிறார். நடுவில் மலை. காரில் வளைந்து வளைந்து போனால் ஆர்லிஸுக்குக் குடலைப் புரட்டும். பறந்தால் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் கோடை முழுக்க அந்தக் கரையின்மேல் மேகம் கம்பளிபோலக் கிடக்கும். மேலே வெயில், கீழே கடல், இடையில் ஒன்றும் தெரியாத வெள்ளை. அதற்குள் இறங்கக் கருவிகளைத்தான் நம்ப வேண்டும்.

எனவே வெர்லின் கருவிகள் வாங்கினார். வரைபடம் காட்டும் பெரிய மின்திரைகள், மூன்று. கருவிப் பலகையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெட்டி, மயிரிழை இடைவெளியில்லாமல் பதித்தார். பிறகுதான், மேகப் பறத்தலுக்குப் பயிற்சி தரும் நாடீனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அழகா இருக்கு டாக்டர். மேகத்துக்குள்ள எதை வச்சு வழி கண்டுபிடிப்பீங்க?"

வெர்லின் நடுத்திரையைத் தொட்டார். "இதோ. டோனட் டப்பா எந்தப் பக்கம்னு கேட்டாக்கூடச் சொல்லும்."

"சொல்லும். தப்பாச் சொல்றப்போ, தப்பாச் சொல்றேன்னு சொல்லுமா?"

சொந்தமாகக் கட்டிய விமானத்தில் என்ன திரை வேண்டுமானாலும் மாட்டலாம். சட்டம் சிரித்துக்கொண்டே விட்டுவிடும். மேகத்துக்குள் நுழையும்போதுதான் சிரிப்பை நிறுத்தும். செயற்கைக்கோளை நம்பி அங்கே வழி தேடுகிற கருவி, அதற்கென்று வகுத்த தரத்தை எட்டியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பெட்டி தேவைக்கு மேல் சில செயற்கைக்கோள்களைக் கேட்டு, ஒன்றின் சாட்சியை மற்றதோடு ஒப்பிடும். சாட்சிகள் முரண்பட்டால், என்னை நம்பாதே என்று எச்சரிக்கும். வெர்லினின் திரைக்கு அந்த வழக்கமில்லை. மலைமேல் பறக்கும்போதும் கடல்மேல் பறப்பதாக, அதே பளிச்சென்ற நிறத்தில் காட்டக்கூடும்.

"அந்தப் பெட்டி தனக்குத் தெரியலன்னா தெரியலன்னு ஒத்துக்கும்" என்றார் நாடீன்.

"அப்போ அதை வெர்லினப் பாத்துச் செய்யல" என்றார் பின்னால் நின்ற ஆர்லிஸ்.

அந்தப் பெட்டியை வாங்கலாம் என்றால் கடைக்காரர் கையிருப்பில்லை என்று இலையுதிர்காலத்துக்கு வரச் சொன்னார். "இந்தக் கோடையில ஒரு தடவையாவது என்னை அக்கா வீட்டு மேகத்துல இறக்கு" என்றார் ஆர்லிஸ். "இல்லன்னா இதை வித்துட்டு, இது நிக்கிற கொட்டகையை யாருக்காவது படகு நிறுத்த வாடகைக்கு விட்டுடுவேன்."

"இன்னொரு வழி இருக்கு டாக்டர். உங்களுக்குப் பிடிக்காது" என்றார் நாடீன்.

தன் பயிற்சி விமானத்திலிருந்து கழற்றிய பழைய ரேடியோவை அவர் கொண்டுவந்தார். கூடவே, கடிகாரம்போல் இரண்டு முள் உள்ள ஒரு வட்ட முகம். கடற்கரை ஓடுபாதையின் கோடியில் இன்றைக்கும் ஒரு கம்பம் இரண்டு ரீங்காரங்களை அனுப்புகிறது: விமானம் இடப்பக்கம் விலகினால் ஒன்று ஓங்கும், வலப்பக்கம் விலகினால் மற்றது. இரண்டும் சமமானால் ஒரு முள் நடுவில் நிற்கும். உயரத்துக்கும் இதே ஏற்பாடு, அடுத்த முள்ளில். அலை கிடைக்காவிட்டால் சிவப்புக் கொடி முகத்தில் எழும்பி, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடும். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் இதற்குத் தர முத்திரை எதுவும் சட்டம் கேட்பதில்லை. ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

"இது என் முதல் கிளினிக்ல பாட்டுக் கேட்ட ரேடியோ மாதிரி இருக்கு" என்றார் வெர்லின், முகம் சுருங்க.

அதைக் கண்ணில் படாமல் இருக்கைக்கு அடியில் வைக்க முடியுமா என்று அளந்தார். பின்னால், சாமான் வைக்கும் இடத்திலும் அளந்தார்.

"மேகத்துக்குள்ள பின்பக்கம் திரும்பி உக்காந்து ஓட்டப்போறியா?" என்று கேட்டார் ஆர்லிஸ்.

கடைசியில் நடுத்திரை வெளியே வந்தது. அந்த ஓட்டையை அலுமினியத் தகட்டால் மூடி, ரேடியோவைப் பதித்தார். டோனட் கூட்டம் வரிசையில் நின்று பார்த்தது. "தங்கப் பல்லுக்கு நடுவுல ஒரு சொத்தைப் பல்லு" என்றார் ஒருவர்.

நாடீனிடம் பயிற்சி பெற்றுத் தேறியபின், ஆகஸ்டு மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஆர்லிஸை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டினார். வெள்ளைக்குள் புகுந்ததும் இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. இரண்டு திரைகளும் பச்சை மலையையும் நீலக் கடலையும் கொட்டிக்கொண்டிருந்தன. வெர்லின் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. முள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். திடீரென்று வெள்ளை கிழிந்து, நேர் எதிரே ஓடுபாதை ஈரமாகக் கிடந்தது.

இறங்கி நின்றதும் உள்ளூர் விமானக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். இந்த ரகத்து ஆட்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே கருவிப் பலகையை எட்டிப்பார்ப்பார்கள். வெர்லின் தற்செயலாகப் போடுவதுபோல் தன் ஜாக்கெட்டைப் பலகையின் நடுவில், ரேடியோவை மறைத்துப் போட்டார்.

"என்ன அருமையான திரை. இதை வச்சுதான் மேகத்துல இறங்கினீங்களா?"

"ம்" என்றார் வெர்லின்.

ஆர்லிஸ் குனிந்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கடல் காத்து குளிருது."

கேட்டவர் இன்னும் கொஞ்சம் குனிந்து ரேடியோவைப் பார்த்தார். "ஓ" என்றார்.

"அது சும்மா ஒரு துணைக்கு வச்சிருக்கேன்" என்றார் வெர்லின்.

"துணைக்கா?" ஆர்லிஸ் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். "அப்போ அதை இங்கயே கழட்டி வச்சுட்டு நீ மட்டும் திரும்பிப் போ. நான் பஸ்ல வரேன்."