கமிட்டி விளையாட்டு

கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஏழு வயதுதான் இருக்கும், ஈரத் துண்டு ஒன்றை முந்தானை மாதிரி மடித்துத் தோளில் போட்டிருக்கிறாள், எதிரே மண்ணில் வரிசையாகச் சம்மணமிட்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்து, சாப்பாடு எப்படி இருக்கு பிள்ளைகளா என்று கேட்கிறாள், நல்லா இருக்கு மேடம் என்று வரிசை ஒரே குரலில் சொல்கிறது, யாராவது அடிக்கிறாங்களா, இல்லை மேடம், நல்லா தூங்குறீங்களா, தூங்குறோம் மேடம், ஒவ்வொரு கேள்விக்கும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறாள், நான் அப்படித்தான் சாய்ப்பேன் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, கை கழுவ வந்தவள் குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்து சமையற்கட்டு ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என்னைவிட அவள் நன்றாகத்தான் செய்கிறாள், அடுத்த கேள்விக்குப் போகும் அவசரம் அவளிடம் இல்லை.

வெளிநாட்டில் ஏதோ ஓர் ஊரில் வட்டமாக உட்கார்ந்து, இந்த நாடு தன் பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்கிறார்களாம், கேள்வி அங்கிருந்து டெல்லிக்கு வருகிறது, டெல்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து ஒரு பழைய ஜீப்பில் ஏறி உப்பளத்துச் சாலையில் குலுங்கிக் குலுங்கி இந்த இல்லத்துக்கு வந்து இறங்குகிறது, அந்த ஜீப்பில் முன்சீட்டில் குழுத் தலைவர் தேவசகாயம் சார், பின்சீட்டில் நான், குழந்தைகள் நலக் குழு என்பது எங்கள் பெயர், கேட்டு எழுதி அனுப்புகிறோம், எழுதியது வந்த வழியே திரும்பிப் போகிறது, போகப் போக அது இளைத்துக்கொண்டே போகும் என்று தேவசகாயம் சார் சொல்வார், இங்க ஒரு பிள்ள அழும், சென்னைக்குப் போறப்ப அது ஒரு எண்ணிக்கைம்மா, டெல்லிக்குப் போறப்ப தசம புள்ளிக்கு அந்தப் பக்கம், சொல்லிவிட்டுச் சிரிப்பார், நல்ல மனிதர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சிரித்து முடித்ததும் கண்ணாடியைத் துடைப்பார், நான் சிரிப்பதுமில்லை துடைப்பதுமில்லை, இந்த வேலையில் எனக்கு எல்லாம் கேட்கிறது, எதுவும் படுவதில்லை, கால் மரத்துப்போனால் தரையில் தட்டினால் உயிர் வரும், இதை எங்கே தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன தடவை வந்தபோது சந்தனமாரி என்று ஒரு பிள்ளை இருந்தாள், பதின்மூன்று வயது, எல்லோரும் நல்லா இருக்கு மேடம் என்று சொல்லி எழுந்து போன பிறகும் அவள் மட்டும் கதவோரம் நின்றாள், பாவாடை நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னாள், பாய நனைச்சிட்டா சின்னப் பிள்ளையள மொட்டமாடியில விட்டுப் பூட்டிருதாவ மேடம், எந்தங்கச்சி ரொம்பப் பயப்படுதா, ஒங்களால அத மட்டும் சொல்ல முடியுமா. முடியும் என்றேன். சொன்னோம், அறிக்கையில் எழுதினோம், விளக்கம் கேட்டு ஒரு நகல் இல்லத்துக்கும் போகும், அதுதான் முறை, பெயரை மறைத்துத்தான் எழுதினோம், பெயர் மறைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள், தங்கையுடன் இல்லத்தில் வசிக்கும் சிறுமி ஒருத்தி என்று எழுதினோம், அக்காவும் தங்கையுமாக அந்த இல்லத்தில் இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், மறைத்தது நாங்கள், சோறு போனது சந்தனமாரிக்கு.

இன்று அவள் இல்லை. சித்தி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம், பிள்ள சந்தோசமா போச்சு என்று வார்டன் கோமதி சொன்னாள், முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னாள், எங்கள் உத்தரவில்லாமல் எந்தப் பிள்ளையையும் அனுப்பக்கூடாதே என்றேன், நாக்கைக் கடித்துக்கொண்டாள், மறந்துட்டேன் மேடம், இனிமே அப்படிச் செய்யாதீங்க என்றார் தேவசகாயம் சார், இனி எந்தப் பிள்ளையையும் மேலே விடுவதில்லை என்று காட்ட மொட்டைமாடிக் கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டு அதைப் படமும் எடுத்து வைத்திருந்தாள், பூட்டு பளபளவென்றிருந்தது, தலையாட்டினேன், எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், கை பிசுபிசுவென்றிருக்கிறது கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன், அவ்வளவுதான் வந்தது.

ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கஞ்சி போட்ட புடவை, பவுடர் வாசனை, இது வேறு இல்லம், வேறு ஊர், நான் சின்னப்பிள்ளை, தரையில் இருக்கிறேன், தலையில் அன்றைக்கென்று வைத்த எண்ணெய் நெற்றியில் வழிகிறது, அம்மா போன பிறகு என்னைக் கொண்டுவந்து விட்ட இடம் அது, உனக்கு என்னம்மா வேணும் என்று அந்தப் பெண் கேட்கிறாள், சமையல்காரர் முழங்கையால் இடித்த இடம் விலாவில் வலித்துக்கொண்டே இருக்கிறது, மூச்சு விட்டால் வலிக்கிறது, அதனால் மூச்சை இழுக்காமல், எல்லாம் நல்லா இருக்கு மேடம் என்கிறேன், வெரிகுட் என்கிறாள், அவளுக்கு நிம்மதி, எனக்கு பிஸ்கட், வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது, வெளியே கார் கிளம்பும் சத்தம், இல்லை, இது குழாயில் தண்ணீர் விழும் சத்தம், மூடுகிறேன், மூடியதும் வெளியே பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

வரிசையில் மூன்றாவதாக இருக்கும் பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே, ஆமா, அடிக்காவ மேடம் என்கிறாள், வாளிக்காரி சட்டென்று எழுந்துவிட்டாள், ஏட்டி, உண்மையச் சொல்லிட்டா என்கிறாள், வேன்ல ஏறு, வேன்ல ஏறு என்று எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஆட்டத்தில் அவள் அவுட், எழுந்து மதில் ஓரம் போகிறாள், போனவள் சும்மா நிற்கவில்லை, மதில் நெடுக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறாள், திரும்புகிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே வலது கையை நீட்டிக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து எதையோ முறுக்கி முறுக்கி விடுகிறாள், மற்றவர்களுக்கு அது ஆட்டத்தில் ஒரு வேடிக்கை, எனக்கு அந்த விரல்களைத் தெரியும்.

அறுந்த இழையைப் பிணைக்கிற விரல் அது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் இல்லத்திலிருந்து வேனில் ஏற்றித்தான் அனுப்பினார்கள், தண்டனையாக அல்ல, வேலைவாய்ப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு மாலைகூடப் போட்டார்கள், மில்லில் இரண்டு பக்கமும் நூல் சுற்றும் கதிர்கள் சுழல்கின்றன, நடுவில் நீளமான சந்து, அறுந்த இழையைத் தேடிக்கொண்டே நடக்க வேண்டும், சைடு பார்க்கிறது என்போம், உட்கார முடியாது, உட்கார்ந்தால் மேஸ்திரி வருவான், பஞ்சு பறந்து வந்து இமையில் உட்காரும், அதற்கு மட்டும் உட்கார அனுமதி, தூக்கத்திலும் விரல் முறுக்கிக்கொண்டிருக்கும், பக்கத்தில் படுத்திருப்பவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், பிடிடீ, பிடிக்காட்டா நான் விடியுற வரைக்கும் நூல் நூத்துருவேன் என்பேன், இருவரும் சிரிப்போம், மில்லை விட்டு வந்து, படித்து, இந்தக் குழுவுக்கு வந்த பிறகும் ஜீப்பில் கண்ணயர்ந்தால் விரல் முறுக்குகிறது, நான் ஜெபமாலை உருட்டுவதாகத் தேவசகாயம் சார் நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் திருத்தியதில்லை, இதோ மதிலோரம் அந்தப் பிள்ளை நடக்கிறாள், முருங்கைப்பூ உதிர்ந்து தலையில் விழுகிறது, பஞ்சு, பூ, தட்டிவிட்டுக்கொண்டு நடக்கிறாள்.

வெளியே போனேன். என்னைப் பார்த்ததும் வாளி காலியாகிவிட்டது, துண்டு காணாமல் போய்விட்டது, வரிசை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது, நான் இன்னும் வாயே திறக்கவில்லை, சாப்பாடு நல்லா இருக்கு மேடம் என்கிறார்கள், அதே ராகம், அதே குரல், இனி நான் எதைக் கேட்டாலும் இதுதான் வரும், எத்தனை அன்பாகக் கேட்டாலும் இதுதான் வரும், புடவையைச் சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் மண்ணில் உட்கார்ந்தேன், நானும் ஆட்டத்துக்கு வாரேன், மேடம் எங்க என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாளிக்காரி மெல்ல வந்தாள், முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள், அவள்தான் இசக்கியம்மாள் என்று பக்கத்துப் பிள்ளை என் காதில் சொன்னாள், சந்தனமாரி தங்கச்சி.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள், யாராவது அடிக்கிறாங்களா. அடிச்சாங்க மேடம் என்றேன், விலாவுல, சமையல்காரர், சின்னப்பிள்ளையில, யார்கிட்டயும் சொல்லல. விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ஆனால் சொன்னதும் பயம் வந்துவிட்டது, நிஜமான பயம், யாராவது கேட்டுவிட்டார்களா என்று சமையற்கட்டைத் திரும்பிப் பார்த்தேன், இந்த வயதில், பையில் அடையாள அட்டையுடன். யாரும் கைதட்டவில்லை. இசக்கி என்னையே பார்த்தாள். வேன்ல ஏறணும் என்றாள் மெதுவாக. ஏறுதேன் மேடம், வேன் எங்க போவும்னு மட்டும் சொல்லுங்க. மில்லுக்கு, என்றாள் அதிகாரக் குரலில், காங்கேயம் தாண்டிப் போவும், அங்க அறுந்த நூல முறுக்கிக்கிட்டு நடந்துக்கிட்டேதான் இருக்கணும், உக்காரவே கூடாது, எங்க அக்கா ஞாயித்துக்கிழம வார்டன் போன்ல பேசிச்சு. பிறகு அதிகாரம் போய்விட்டது, வெறும் பிள்ளையின் குரல், அக்காவுக்குக் கால் வீங்கிருச்சாம், ராத்திரி நீ பாய நனைக்காம இருக்கியான்னு கேட்டுச்சு, ஆமான்னு சொன்னேன். அது பொய் என்று அவள் சொல்லவில்லை, கீழே பார்த்துக்கொண்டாள்.

தேவசகாயம் சார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார், கோமதி உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள், அவரை முருங்கை மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன், கேட்கக் கேட்க அவர் முகம் சுண்டிப்போயிற்று, சித்தி இல்லையா என்றார், சித்தி இல்லை சார், மில்லு, பதிமூணு வயசு. அந்தப் பக்கத்துக் குழுவுக்குத் தகவல் எழுதலாம் என்று தொடங்கினார், எழுதினால் அது போய்ச் சேர்வதற்குள் பிள்ளையை வேறு மில்லுக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், பாதியில் நிறுத்திக்கொண்டார். யார் சொன்னதுன்னு கேப்பாங்களேம்மா, ஒரு பிள்ள வாக்குமூலம் வேணுமே. நான் வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவரும் பார்ப்பார், அவர் பார்ப்பதை ஜன்னலிலிருந்து கோமதி பார்ப்பாள், இந்த முறை அப்படி ஆகக்கூடாது, சொன்னது நான்னு எழுதுங்க சார், அந்த மில்லுகள எனக்குத் தெரியும், இங்க மாதிரி ஒரு இல்லத்துலயிருந்து என்னையும் அப்படித்தான் அனுப்பினாங்க. இத்தனை வருஷம் ஒரே ஜீப்பில் போய் வந்தவர், என் கையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், ஏன் பார்க்கிறார் என்று பிறகுதான் புரிந்தது, விரல் முறுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

ஜீப்ப எடுத்துக்கிட்டு நீங்க போங்க, என்றார், உத்தரவு எழுதித் தாரேன், அந்த ஊர் ஸ்டேசனுக்கு நானே பேசுதேன், நீங்க போய்ச் சேருற வரைக்கும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன், கோமதி போன் எம்பக்கத்துலதான் இருக்கும், இந்தப் பிள்ளையள ஒருத்தரும் தொடமாட்டாங்க. காங்கேயம் தாண்டினால் வழியெல்லாம் மில்லுகள்தான், எதில் என்று தெரியாது, ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும், வாசலில் கூர்க்கா நிற்பான், அப்படி யாரும் இல்லை என்பான், பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை விடுதிக்கு ஓட்டிவிடுவார்கள், எல்லாம் தெரியும், கமிட்டி வருகிறது என்றால் எங்களையும் அப்படித்தான் ஓட்டினார்கள், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம், அன்றைக்கு மட்டும்தான் உட்கார்ந்தோம், எனவே மூட்டைகளுக்குப் பின்னால் முதலில் பார்க்க வேண்டும், கிடைப்பாளா, கிடைக்காமலும் போகலாம், நினைத்துப்பார்த்தேன், நெஞ்சு என்னவோ செய்தது, நல்ல வலி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு வலித்தது.

ஜீப் கதவில் கை வைத்தபோது பின்னால் காலடிச் சத்தம், இசக்கி, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், தோளில் துண்டு இன்னும் இருக்கிறது, தூரத்தில் வரிசை கலையாமல் உட்கார்ந்திருக்கிறது, வாளி மட்டும் காலியாக இருக்கிறது, மேல்மூச்சு வாங்க என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்க்கிறாள், உண்மை சொன்னவர்கள் வேனில் ஏறுவார்கள், ஏறியவர்கள் அங்கேயே நடந்துகொண்டிருப்பார்கள், அவளுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான், அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டுதான் கேட்கிறாள். நீங்க அங்க போறீங்கள்லா. ஆமா என்றேன். அப்பம் நீங்க அங்க இருந்துக்கிடுங்க, அக்காவ மட்டும் அனுப்பிருங்க. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள், அவசரமில்லாமல், கேட்டால் பதில் வரும் என்று நம்புகிறவர்கள் காத்திருப்பதுபோல, எனக்குக் கண் கலங்கி அவள் முகம் சரியாகத் தெரியவில்லை, சரி மேடம் என்றேன், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.