திசைகாட்டிக்கு வைத்த தொண்ணூற்றைந்து ரூபாய்

1949-ஆம் வருஷம் சங்கரன்கோவிலில் மழை பெய்த நாட்கள் பதினொன்று. ஞானஒளிவின் விமானம் இன்ஜினைத் தொடாமலே மேலே எழும்பிய நாட்கள் பதினான்கு. சண்டைக்குப் போய் விமானப்படையில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவர், யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு வருஷமாகக் கோத்துப் பூட்டி உருவாக்கிய விமானம் அது. எழும்புவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திரும்பி வரத்தான் அதற்குத் தெரியவில்லை. ஒரு தடவை அவரைத் திருவேங்கடம் கரிசல் காட்டில் கொண்டுபோய் இறக்கியது, இன்னொரு தடவை தூத்துக்குடி உப்பளத்தில். அடுத்தது கடல்தான் என்றாள் அவர் மனைவி மார்த்தாள்.

மார்த்தாள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். சம்பளம் அவளுடையது, அதனால் கணக்கும் அவளுடையது. மதராஸ் கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியலைச் சிவப்பு மையால் திருத்தினாள். வயர்லெஸ் இருநூற்று நாற்பது. "மேல போயி ஆருகிட்டப் பேசப் போறீய? இங்கன இருக்கும்போதே பேச மாட்டேக்கீய." அடித்தாள். உயரம் காட்டும் மீட்டர் அறுபது. "பனைமரம் வெண்டைக்கா கணக்காத் தெரிஞ்சா உசரம்தான்." அதையும் அடித்தாள். திசைகாட்டி தொண்ணூற்றைந்து. அதற்கு மட்டும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஏழு மாசம் சேர்த்தாள். கிறிஸ்மஸுக்குள் அது வராவிட்டால் விமானத்தை வெட்டி அடுப்பில் வைத்துவிடுவேன் என்றும் சொல்லிவைத்தாள். சொன்னால் செய்கிறவள்.

மணியார்டர் பண்ண வேண்டிய பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனுஷன் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்குப் போனார். காணிக்கையாக வந்த காய்கனிகளைச் சபைக்காக ஏலம் விடுவார்கள். ஒன்றுக்குப் பத்தாகக் கேட்பதுதான் அங்கே கௌரவம். உபதேசியார் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் காட்டினார். அரிசி மில் ஞானரத்தினம் ஐந்து ரூபாய் கேட்டுவிட்டு, "ஏரோப்ளேன்காரரு கேக்க மாட்டாரு வே, வீட்டுல உத்தரவு வாங்கணும்லா" என்றார். சபை சிரித்தது. ஞானஒளிவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தொண்ணூத்தஞ்சு!" என்று கத்திவிட்டார்.

பூசணிக்காய் வீட்டுக்கு வந்ததும் மார்த்தாள் அழுதாள். பிறகு அரிவாளை எடுத்தாள். முதலில் பூசணிக்காயை வெட்டலாமென்று குனிந்தபோது அதன் காம்பு அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடிக்குப் போனாள், காம்பு கிணற்றடிப் பக்கம் திரும்பியது. அடுப்படிக்கு வந்தாள், அதுவும் அடுப்படிப் பக்கம் வந்தது. மூன்று நாள் சோதித்துப் பார்த்தாள். "கூறுகெட்ட மனுசா, இதைக் கொண்டுபோயி ஏரோப்ளேன் முன்னால வச்சுக் கட்டும்" என்று சொல்லிவிட்டு அரிவாளைக் கூரை எறவாணத்தில் செருகினாள்.

அதன்பின் காம்பு காட்டிய பக்கம் விமானத்தைத் திருப்பி, அவர் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார். மறு வருஷம் மார்ச்சில் ஒருநாள் காம்பு வீட்டைக் காட்டவில்லை. சங்கரன்கோவில் கோபுரம் பின்னால் போனது, வீடும் போனது. காய் அழுகிவிட்டது, இன்றோடு சரி என்று ஞானஒளிவு ஜெபம் பண்ணத் தொடங்கினார். விமானம் கடையநல்லூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. பரீட்சை மேற்பார்வைக்கு அங்கே வந்திருந்த மார்த்தாள், விடைத்தாள் கட்டோடு வெளியே வந்தாள். அவரைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கையக் கழுவிட்டு வாங்க. ரெண்டு பேருக்குச் சோறு இருக்கு" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் விமானத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். காம்பு மார்த்தாளைப் பார்த்து நின்றது. சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்டதால் விமானம் அசையவில்லை. நாலரை மணி பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பஸ் கிளம்பியதும் விமானம் ஆளில்லாமல் எழும்பி, காம்பை மார்த்தாள் பக்கம் நீட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு மேலே கூடவே வந்தது. கண்டக்டர் அண்ணாந்து பார்த்துவிட்டு அவர்களுக்கு இரண்டு டிக்கெட் மட்டும் கிழித்தார்.