ஜமீனுக்கு ஒண்ணுக்கு வரவில்லை

“இருபது மணி நேரமா ஒண்ணுக்குப் போவலம்மா” என்று சரோஜா அக்கா போனில் அழுதபோது நான் ஒரு பூனையின் காதில் மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். பூனை என் மணிக்கட்டை நன்றாகப் பிராண்டிவிட்டுப் போனது, அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

போகாதது ஜமீன். பதினோரு வயது பொமேரியன் கலப்பு. அந்தப் பேரை வைத்தது ஆட்டோ ஓட்டும் தருமன் அண்ணன், சரோஜா அக்காவின் வீட்டுக்காரர். செங்கம் ரோட்டில் நான் நர்ஸாக இருக்கிற கால்நடை கிளினிக்கில் மூன்று நாளைக்கு முன்னால்தான் அவன் சிறுநீர்ப்பையைத் திறந்து, புளியங்கொட்டை அளவில் நாலு கல் எடுத்தோம். சிறுநீர் இறங்க இரண்டு நாள் டியூப் இருந்தது. நேற்று சாயங்காலம் அதை எடுத்துவிட்டு கிளினிக் பின்பக்கம் கூட்டிப்போனேன். நன்றாகவே போனான். சரி, வீட்டுக்குப் போகட்டும் என்று அனுப்பிவைத்தோம்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் தடுப்பூசி முகாமில் இருந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். “வயித்த அமுக்கிப் பாரு தேவி. பை கெட்டியா இருந்தா கிளினிக்குக்குத் தூக்கிட்டு வந்துடு, நானும் கிளம்பிட்டேன். டியூப் போட்டுப் பாக்கலாம். போகலன்னா...” என்று நிறுத்திக்கொண்டார். போகவில்லையென்றால் மறுபடி திறக்க வேண்டும். ஜமீனுக்கு இதயம் வீக். முதல் தடவை மயக்கம் கொடுத்ததற்கே கண் திறக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டான். இன்னொரு தடவை தாங்க மாட்டான். அது டாக்டரம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கென்று பௌர்ணமி. மதியம் மூன்று மணிக்கே கிரிவலக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, ஆட்டோ எதையும் உள்ளே விடவில்லை. அவர்கள் வீடு கிரிவலப் பாதையில் ஒரு கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் கூட்டம் வருகிற திசையில். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்நீச்சல் போட்டேன். “எதிர்ல வரக்கூடாதும்மா, சுத்தி வாம்மா” என்று ஒரு பெரியவர் வழியை மறித்து உபதேசம் செய்தார். சுற்றி வந்தால் பதிமூன்று கிலோமீட்டர். “அதுக்குள்ள நாய் போய்ச் சேந்துடும் சாமி” என்றேன். பாவம், மனுஷன் ஒதுங்கி வழி விட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும். என்ன தின்னக் கொடுத்தார்களோ, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தார்களோ இல்லையோ என்று மனசுக்குள்ளேயே இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு போனேன். நாய் வளர்க்கிறவர்களை எனக்குத் தெரியாதா? போன வருஷம் கன்னியம்மாள் என்று ஒருத்தருடைய நாய்க்குக் கருப்பை எடுத்தோம். “கொஞ்சம் பாத்து வெளிய வுடுங்கம்மா” என்று நயமாகத்தான் சொல்லி அனுப்பினேன். மறுநாளே ஒரு பைக்கைத் துரத்திக்கொண்டு ஓடி, தையல் அத்தனையும் பிய்ந்து, ரத்தமும் சதையுமாகக் கொண்டு வந்தார்கள். அன்றோடு நயமாகப் பேசுவதை விட்டுவிட்டேன்.

வீடு ஒரே ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. பின்கட்டு என்று ஒன்றும் கிடையாது. கதவைத் திறந்தால் ரோடு. புதுப் போர்வை விரித்து அதன் நடுவில் ஜமீனைப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில், தையலை நக்காமலிருக்க நாங்கள் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்பு. பக்கத்தில் பேப்பர் விரித்து, ஒரு தட்டில் மண்ணெல்லாம் கொட்டி வைத்திருந்தது. அவன் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வயிற்றை மெல்ல அமுக்கினேன். கிரிக்கெட் பந்து மாதிரி இருந்தது. முனகினான், ஆனாலும் என் கையை நக்கினான்.

“காலைலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் பச்சத்தண்ணி குடிக்கலம்மா” என்றார் தருமன் அண்ணன். “ஏதாச்சும் பண்ணு.”

“கிளினிக் போவணும்ணா. தூக்குங்க.”

போர்வையோடு சேர்த்துத் தூக்கினோம். வாசலைத் தாண்டியதும், அதுவரை துணி மூட்டை மாதிரி கிடந்தவன் தலையைத் தூக்கினான். நாலு காலையும் உதறினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டான். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“அக்கா, இவன் எப்பவும் எங்க போவான்?”

“அதோ, எதிர்ல அந்தப் புங்கமரத்தடிதான். வூட்டுக்குள்ள ஒரு சொட்டு வுட்டதில்லம்மா, குட்டிலேர்ந்தே அப்படித்தான்.”

“பின்ன ஏன்க்கா கூட்டினு போவல?”

சரோஜா அக்கா என்னைத் திகைத்துப்போய்ப் பார்த்தார். “நீதானம்மா சொன்ன? பத்து நாளைக்கு வாசப்படி தாண்டினா தையல் பிரிஞ்சுடும், அப்புறம் என்னை வந்து கேக்காதீங்கன்னு கத்தினியே.”

“கதவுக்குப் பூட்டே போட்டுட்டோம்மா” என்றார் தருமன் அண்ணன்.

அந்தப் பூட்டை என் வாய்க்குப் போட்டிருக்க வேண்டும். ராத்திரி பூராவும் அவன் கதவண்டை போய் நின்றிருப்பான். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வேணாம்டா கண்ணு, தேவிம்மா திட்டும் என்று தடவிக்கொடுத்திருப்பார்கள். நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இன்னொரு பயமும் கூடவே வந்தது. அடக்கிக்கொண்டிருக்கிறானா, நிஜமாகவே அடைத்துக்கொண்டதா? மரத்தடிக்குப் போனால்தான் தெரியும்.

நடுவில் ஜனம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. தருமன் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். “சாமி, ஒரு நிமிஷம்! நோயாளி போவுது, நோயாளி போவுது!” கூட்டம் விலகி வழி விட்டது. போர்வைக்குள்ளிருந்து நீட்டிய மூக்கைப் பார்த்து ஒரு அம்மா, “ஐயோ பாவம்” என்றார்.

மரத்தடியில் இறக்கிவிட்டு, கூம்பைக் கழற்றினேன். ஜமீன் ஒரு சுற்று மோந்து பார்த்தான். நின்றான். ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம் போனது. எனக்கு வியர்த்து ஊற்றியது. அவன் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“மானஸ்தன்க்கா இவன்” என்றேன். “எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க.”

மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். வீட்டுக் கூரைக்கு மேலே மலை நின்றது. தருமன் அண்ணன் தலைக்கு மேல் கையைக் கூப்பினார். சரோஜா அக்காவும். வேலை நேரத்தில் சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கு இல்லை, அன்றைக்குக் கும்பிட்டேன்.

முதலில் சருகின் மேல் சொட்டுச் சொட்டாகக் கேட்டது. அப்புறம் விடாமல் கேட்டது. சரோஜா அக்கா ஒரு கையால் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நான் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். ரத்தம் இல்லை, வெளிர் மஞ்சள். சுத்தம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. போன் அடித்தது, டாக்டரம்மா. போனைப் பின்பக்கம் நீட்டிவிட்டு, “கேக்குதா மேடம்?” என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரிப்பது கேட்டது.

நாங்கள் கண்ணீரும் கூப்பிய கையுமாக நிற்பதைப் பார்த்து, நடந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். இந்த இடத்திலிருந்து மலையில் ஏதோ தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்கள் போல, எங்கள் பக்கத்தில் வந்து அவர்களும் கை கூப்பினார்கள். அவர்களைப் பார்த்து ஒரு குடும்பம் நின்றது. அவர்களுக்குப் பின்னால் பத்துப் பேர். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அத்தனை பேரும் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மரத்தடியில் ஜமீன் தூக்கிய காலை இன்னும் இறக்கவில்லை.