இன்ஜினை நிறுத்த இரண்டு வழிகள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தது நானல்ல. பக்கத்து வீட்டுப் பின்வாசலில் யாரோ சிரித்தது மதில் தாண்டி என் ஜன்னலுக்கு வந்தது.

மழை பெய்துகொண்டிருந்த சாயங்காலம். நான் வேறொரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது நன்றாக வரவில்லை என்பதால் கரண்ட் போனதும் நிம்மதியாகவே இருந்தது. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. கர்ர்ர். ஒன்றுமில்லை. மறுபடியும் கர்ர்ர். ஒன்றுமில்லை. இப்படியே இன்னும் சில தடவை. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஓடாத இன்ஜினைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? திட்டுவார்கள். சிலர் உதைப்பார்கள். இவள் ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் எனக்குப் பதில் கிடைத்திருக்கும், உங்களுக்குக் கதை கிடைத்திருக்காது.

அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அவர் மனைவி முன்னறையில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்த்து விற்கிறாள். தெருவில் அவளை மீன்தொட்டிக்காரி என்பார்கள், அவரை பஸ்காரர் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கத்துக்கு எழுதிப் பார்த்தவை:

"வானம் இருண்டது. அவள் மனமும்..." [இதை எழுதியது நான்தானா? அடித்தாயிற்று.]

"சிறிய பெட்ரோல் இன்ஜின் ஓடுவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது..." [கதை கேட்க வந்தவர்களுக்குப் பாடமா நடத்துவது?]

"மீன்கள் மேலே வந்துவிட்டன."

மூன்றாவது இருக்கட்டும்.

மீன்கள் மேலே வந்துவிட்டன. கரண்ட் போனதும் தொட்டிகளில் காற்றுக்குமிழி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லா மீனும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. பெரிய மீன்கள் சமாளித்துக்கொள்ளும் என்று மீன்தொட்டிக்காரிக்குத் தெரியும். அவள் பயந்தது மூலைத் தொட்டிக்காக. அதில் ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று இருந்தது. முட்டையிடும், தானே தின்றுவிடும். மறுபடி இடும், மறுபடி தின்னும். அவளும் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள், தண்ணீரை மாற்றிப் பார்த்தாள், தொட்டியைத் துணியால் மூடியும் பார்த்தாள். இந்தத் தடவைதான் அந்த ஜோடிக்குப் புத்தி வந்தது. கடுகளவுக் கண்களோடு ஒரு கூட்டமே நீந்திக்கொண்டிருந்தது. அவை பிழைக்க வேண்டும். அவளுக்கு அன்றைக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

பஸ்காரருக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். மழையில் பிள்ளைகளை ஒவ்வொரு வாசலாக இறக்கிவிட்டு வர இன்னும் நேரமாகும்.

3

இங்கே இன்ஜினையும் ஒரு சண்டையையும் சொல்லியாக வேண்டும்.

பின்வாசலில் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது. மாதம் ஒரு தடவை சும்மாவாவது ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கிடக்கும் பெட்ரோல் பிசினாகிவிடும். ஓடவிடுவது யார் என்பதில் அந்த வீட்டில் தகராறு இல்லை. எப்படி நிறுத்துவது என்பதில்தான் தகராறு.

பஸ்காரர் டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். இன்ஜின் தன்னிடம் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிட்டு, விக்கி விக்கித் தானே அடங்கும். பழைய ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்துப் பழக்கம். ஸ்விட்சைத் தொடமாட்டார். மீன்தொட்டிக்காரி ஸ்விட்சை அமுக்குவாள், படக்கென்று நிற்கும். அவள் டேப்பைத் தொடமாட்டாள்.

"நீங்க அதப் பட்டினி போட்டுக் கொல்றீங்க."

"நீ மட்டும்? கழுத்த நெரிக்கிற."

ஆகவே நிறுத்தியது அவர் என்றால் டேப் மூடியிருக்கும், ஸ்விட்ச் ஆனில் இருக்கும். அவள் என்றால் டேப் திறந்திருக்கும், ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது.*

* இன்ஜினோடு வந்த கையேடு சொல்வது: முதலில் ஸ்விட்சை அணைக்கவும், பிறகு டேப்பை மூடவும். அதாவது இருவருமே பாதி சரி. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது.

மழை சாரலாக அடிக்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டால் என்ன? சமையலறை வாசலுக்கு உள்ளே வெறும் ஒரு முழம். அப்புறம் புகை. வாடையே இல்லாத விஷவாயு. அவளுக்குத் தலை சுற்றும், அவள்...

[இல்லை. ஒரு சாரலுக்காக நான் யாரையும் கொல்லப்போவதில்லை.]

எழுதுகிறவர்களின் கஷ்டத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஜாக்கிரதையான மனிதர்களை வைத்துக் கதை எழுதுவது பெரும்பாடு. அவள் சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றினால் குப்பென்று தீப்பிடிக்கும், எனக்கு இரண்டு பக்கம் ஓடும். ஆனால் மீன்தொட்டிக்காரி அப்படிப்பட்டவள் இல்லை. நான் எவ்வளவு ஆசை காட்டியும் அவள் மசியவில்லை. இன்ஜினைத் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னலை விட்டுத் தள்ளி, சாரல் படாத மூலைக்கு நகர்த்தினாள். புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாள். அளவுக் குச்சியை உருவித் துடைத்து, ஆயில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே டேங்கை நிரப்பினாள். சிந்திய ரெண்டு சொட்டையும் துடைத்து, துணியைத் தூரமாகப் போட்டாள். கதாசிரியருக்கு அவள் விட்டுவைத்தது ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர.

5

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தியது பஸ்காரர். அது அவளுக்கு நினைவிருந்தது. எப்போதும் தன் பழக்கப்படி ஸ்விட்சைத் தட்டிவிட்டு இழுப்பவள், அன்றைக்கு மீன்களுக்காக நிதானித்தாள். 'நிறுத்தினது அவரு. அப்ப ஸ்விட்ச் ஆன்லதான் இருக்கும், டேப்தான் மூடியிருக்கும்.' கையை டேங்குக்கு அடியில் விட்டாள். அந்தச் சின்னக் கைப்பிடி டார்ச்சுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். இருந்த பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு தள்ளு தள்ளினாள். சோக்கைப் போட்டாள். கயிற்றை முதலில் மெதுவாக, பிடி கிடைக்கும்வரை இழுத்து, அப்புறம் ஒரே வீச்சில் இழுத்தாள்.

கர்ர்ர்.

மீதியை நீங்கள் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து என்னோடு கேட்டுவிட்டீர்கள்.

தோள் வலித்தது. இடையில் உள்ளே ஓடிப்போய் மூலைத் தொட்டியைப் பார்த்தாள். குஞ்சுகள் மேலே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. தாய் மீன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. முட்டையைத் தின்ற அதே மீன். திரும்பி ஓடிவந்து மறுபடியும் இழுத்தாள். பெட்ரோல் வாடை அடிக்கத் தொடங்கியது.

அந்த வாடை வந்ததும் கயிற்றை விட்டாள். உள்ளே பெட்ரோல் தேங்கிவிட்டது, இனிமேல் இழுப்பது முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து, இன்ஜினின் முகத்துக்கு நேராக டார்ச் அடித்தாள்.

ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது.

அவள் அதைத் தொடவே இல்லை. டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டுத் தானும் படுக்காத குறையாகத் தலையைச் சாய்த்து டேப்பைப் பார்த்தாள். மூடியிருந்தது. அதை மூடியது அவள் கைதான். இப்போதுதான் மூடியிருக்கிறாள். அதற்கு முன் அது திறந்து கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் இன்ஜினை அவள் வழியில் நிறுத்தியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கேதான் அவள் சிரித்தாள்.

6

[பஸ்காரர்மேல் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. இவர் இவ்வளவு நல்லவரா? முதல் வரைவில் இவர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்கிற ஆசாமியாகத்தான் இருந்தார். மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய், ஞாயிற்றுக்கிழமை அவர் இன்ஜின் முன்னால் யோசித்து நின்றதையும், கையை டேப்புக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்து ஸ்விட்சை அமுக்கியதையும் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், அவளோடு சேர்ந்து இப்போது தெரிந்திருக்காது. அதனால் அங்கே எழுதவில்லை. ஆனால் நடந்தது அப்படித்தான்.]

வாடை போகக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நிற்க முடியுமா? உள்ளே போய், மக்கில் தண்ணீரை மொண்டு மூலைத் தொட்டிக்குள்ளேயே மெல்ல உயரத்திலிருந்து ஊற்றினாள். தண்ணீரில் கொஞ்சம் காற்று கலக்கும். மொண்டு ஊற்றும்போதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் அவளுக்காக விட்டுக்கொடுத்தார். அவள் அவரைப் போல யோசித்தாள். நடுவில் மாட்டிக்கொண்டது கடுகளவுக் கண்ணுள்ள ஒரு கூட்டம்.

திரும்பி வந்து டேப்பைத் திறந்தாள். சோக்கை எடுத்துவிட்டாள். ஸ்விட்சை ஆன் செய்தாள். இழுத்தாள்.

இன்ஜின் இருமிவிட்டு, செருமிவிட்டு, ஓடத் தொடங்கியது. அது சீராகும்வரை பொறுத்திருந்து வயரைச் சொருகினாள். முன்னறையில் எல்லாத் தொட்டியிலும் குமிழி எழும்பியது.

7

மீன்கள் பிழைத்தனவா என்று கேட்காதீர்கள். பிழைத்தன, எல்லாமே. அதில் நான் விளையாடமாட்டேன்.

பஸ்காரர் நனைந்துபோய் வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"உடனே ஸ்டார்ட் ஆச்சா?"

"ஒரே இழுப்புல," என்றாள்.

அவர் முகம் மலர்ந்துபோனது. (இந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. மழையில் எப்படிக் கேட்கும்? ஆனால் அவள் வேறெதுவும் சொல்லியிருக்க மாட்டாள்.)

இனி முடிவு. கரண்ட் வந்ததும் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் வெறுமனே ஓடவிட்டு, அவள் நிறுத்தப் போகிறாள்.

அ. ஸ்விட்சை அமுக்குகிறாள். அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம்.

ஆ. டேப்பை மூடிவிட்டு, அவர் நிற்பது போலவே பக்கத்தில் நிற்கிறாள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்த தடவை அவர் வந்து, அவள் எப்போதும்போல ஸ்விட்சில்தான் நிறுத்தியிருப்பாள் என்று நம்பி, ஸ்விட்சைத் தட்டிவிட்டு மூச்சு வாங்க வாங்க இழுத்துக்கொண்டிருப்பார்.

இ. கையேட்டின்படி ஸ்விட்சையும் அணைத்து டேப்பையும் மூடுகிறாள். இதுதான் சரி. இன்ஜினுக்கும் நல்லது. அப்புறம் அந்த வீட்டில் சண்டையும் இருக்காது, கதையும் இருக்காது.

மூன்றில் எது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் ஜன்னலிலேயே காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். படக்கென்று நின்றால் ஸ்விட்ச், விக்கி விக்கி நின்றால் டேப். கரண்ட் வந்தது. வந்ததும் என் தலைக்கு மேலே இருக்கும் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றத் தொடங்கியது. விளக்கு போடாத இருட்டில் தட்டுத்தடுமாறி, நாற்காலியில் இடித்துக்கொண்டு ஓடிப்போய் அதை அணைத்தேன். அணைத்துவிட்டுக் கேட்டால், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சத்தமில்லை. இரண்டு பேர் சேர்ந்து சிரிப்பது மட்டும் கேட்டது.

உங்கள் வீட்டில் விசிறி சத்தம் போடாது அல்லவா? இன்ஜின் எப்படி நின்றது, சொல்லுங்கள்.