ராசியில்லாதவரின் ஆறு தொப்பிகள்

ஆட்டம் மதியம் ஒரு மணிக்கு. வெர்லன் காலை ஆறு மணிக்கே வந்து மைதானத்துக்கு வெளியே பெக்கான் மரத்தடியில் இடம் பிடித்து, அடுப்பை மூட்டி, பன்றி விலாவைப் புகையில் வாட்டப் போட்டுவிட்டார். நாற்பது வருடமாக அதே மரம், அதே இடம். வேறு எவனாவது அங்கே வண்டியை நிறுத்திவிட்டால் அன்றைக்கு அடிதடிதான்.

லார்க்கின் கல்லூரி அலபாமாவில் ஒரு மூலையில் இருக்கிறது. அதன் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். ஊரில் யாரைக் கேட்டாலும் "நான் கழுதை, எங்கப்பா கழுதை, எங்க தாத்தாவும் கழுதை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். கால்பந்து என்று பெயரே தவிர, இவர்கள் ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் முக்கால்வாசி. மிச்சம், ஒருவன் மேல் ஒருவன் விழுவது. அதில் இந்தக் கழுதைகள் வருடத்துக்கு இரண்டு ஜெயித்தால் பெரிய விஷயம். ஒரே ஒரு வருடம், 1983இல், பதினொரு ஆட்டங்களை வரிசையாக ஜெயித்துவிட்டுப் பன்னிரண்டாவதில், அதுவும் பட்டத்துக்கான ஆட்டத்தில், ஒரு புள்ளியில் தோற்றார்கள். அந்த ஒரு வருடத்தை மென்றுகொண்டே ஊர் நாற்பது வருடத்தை ஓட்டிவிட்டது.

லீலண்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்திரண்டு. மனைவி போய் மூன்று வருடமாகிறது. வீட்டை விற்றாகிவிட்டது, அடுத்த மாதம் மினசோட்டாவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். அங்கே பாதி வருடம் பனி, மீதி வருடம் பனி எப்போது வரும் என்ற பேச்சு. ஆக, லார்க்கினில் அவருக்கு இதுதான் கடைசி ஆட்டம். ஒரே ஒரு ஆசை வைத்திருந்தார். இன்றைக்கு ஒரு நாளாவது பழைய சிநேகிதர்கள் வெர்லன், ஹாய்ட், ஹாய்ட்டின் மனைவி நடீன் மூவரோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட வேண்டும்.

சின்ன ஆசைதான். ஆனால் மனிதர் ராசியில்லாதவர் ஆயிற்றே.

அது எண்பத்து மூன்றில், முதல் ஆட்டத்திலேயே முடிவாகிவிட்டது. பாதி ஆட்டத்தில் இருபதுக்கு மூன்று என்று கழுதைகள் உதை வாங்கிக்கொண்டிருந்தன. ஐஸ் எடுத்துவர லீலண்ட் தன் பிக்கப் வண்டிக்குப் போனார். போன கால் மணி நேரத்தில் கழுதைகள் மூன்று முறை பந்தைக் கடைசிக் கோடு தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் போட்டுவிட்டன. திரும்பி வந்து உட்கார்ந்தார், அடுத்த நிமிடமே நம் ஆள் பந்தை நழுவவிட்டான். வெர்லன் எழுந்து நின்று விரலை நீட்டினார். "நீ வண்டிக்குப் போடா. ஆட்டம் முடியற வரைக்கும் வராதே." கழுதைகள் ஜெயித்தன. அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லீலண்ட் மரத்தடியில் விலா எலும்பு கடிப்பார், சிரிப்பார். ஒரு மணி அடித்ததும் பெட்டிப் பாம்பாக வண்டியில் ஏறிக்கொள்வார். ரேடியோகூடக் கூடாது. பத்து வருடம் கழித்து, நன்னடத்தைக்காக, ரேடியோவுக்கு வெர்லன் அனுமதி கொடுத்தார். டிக்கெட் மட்டும் வருடாவருடம் அவர்கள் பக்கத்தில் வாங்கியாக வேண்டும்; வாங்காவிட்டால் அதுவும் ராசிக்கு ஆகாதாம்.

அப்படியானால் எண்பத்து மூன்றின் கடைசி ஆட்டத்தில் ஏன் தோற்றார்கள்? அதற்கு ஹாய்ட் மாட்டினார். சீசன் முழுக்கத் துவைக்காமல் போட்டிருந்த அவருடைய சாக்ஸை, கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், நாற்றம் தாங்காமல் நடீன் துவைத்துப் போட்டுவிட்டாள். நாற்பது வருடமாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பழி.

"லீலண்ட், எந்திரி. உனக்கு ஒண்ணு வெச்சிருக்கோம்," என்றார் வெர்லன்.

நடீன் பையிலிருந்து ஒரு மெத்தையை எடுத்தாள். வண்டி சீட்டில் போட்டு உட்கார அளவெடுத்துத் தைத்தது. மேலே பச்சை நூலில் பூவேலை: 'எண்பத்து மூன்றை ஜெயித்துக் கொடுத்தவர் இதன் மேல் அமர்ந்திருக்கிறார்.'

"நீ அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட முழுசாப் பார்க்கல," என்றார் வெர்லன். "எங்களுக்காக உக்காந்த. யாருடா செய்வான் இதை? பொண்டாட்டி செய்வாளா, புள்ள செய்வானா?"

"நான் செய்யமாட்டேன்," என்றாள் நடீன்.

லீலண்ட் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டார். அதில் ஊசி இருப்பதுபோல நெளிந்தார். அவருடைய வண்டி சீட்டுக்குப் பின்னால் ஒரு மளிகைப் பை இருந்தது. வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் கிடைத்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்து வந்திருந்தார். வாய் வரவில்லை.

அதற்குள் வெர்லன் கதையை ஆரம்பித்துவிட்டார். எண்பத்து மூன்றை முதல் ஆட்டத்திலிருந்து சொல்லி முடிக்காமல் மரத்தடியில் யாரும் சாப்பிட முடியாது. அதுவும் லீலண்டைப் பார்த்துத்தான் சொல்வார். பாவம், பார்க்காத மனிதர் அல்லவா. லீலண்டும் வருடாவருடம் "அடேயப்பா", "அப்புறம்?" என்று வாயைப் பிளந்து கேட்பார். இப்போது கிரேடன் கல்லூரியோடு ஆடிய ஆறாவது உள்ளூர் ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

"நம்ம ஏமஸ் டில்லர்ட் பந்தை வாங்கறான். எழுபத்தெட்டு கெஜம்! நம்ம பக்கமாவே ஓடி வர்றான். ஒருத்தன் காலைப் புடிக்கறான். வலது கால் ஷூ கழண்டு பறக்குது. பறந்து வந்து..."

"என் மடியில விழுந்துச்சு," என்றார் ஹாய்ட்.

முதல் வருடத்தில் ஷூ வெறுமனே கழன்றுதான் விழுந்தது. பத்தாவது வருடத்தில் பறக்க ஆரம்பித்தது. இருபத்தைந்தாவது வருடத்தில் வெர்லனின் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது. இப்போது ஹாய்ட்டின் மடிக்கே வந்துவிட்டது. நாற்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த லீலண்டுக்கு அந்த மடிதான் தாங்கவில்லை.

"இடது கால்," என்றார்.

"என்ன?"

"இடது கால் ஷூ. அவன் நம்ம பக்கம் ஓடவே இல்ல, அந்தப் பக்கம் ஓடினான். ஷூ வேலிக்கு உள்ளேயே விழுந்துச்சு. சாக்ஸ்ல கட்டைவிரல் பக்கம் ஓட்டை."

விலாவைத் திருப்ப எடுத்த இடுக்கியோடு வெர்லன் அவர் பக்கம் திரும்பினார்.

"பேப்பர்ல போட்டிருப்பான்," என்றார் வெர்லன் மெதுவாக. "பேப்பர்ல படிச்சியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மெத்தையோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். லீலண்ட் எழுந்து வண்டிக்குப் போனார். பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். ஆறு தொப்பிகள் விழுந்தன. மஞ்சள், ஊதா, சிவப்பு, நீலம் என்று ஆறு எதிரிக் கல்லூரிகளின் தொப்பிகள்.

"நான் வண்டியில உக்காரல, வெர்லன். நீங்க உள்ள போனதும் சுத்தி வந்து அந்தப் பக்கத்து வாசல்ல டிக்கெட் வாங்குவேன். இதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு அவங்களோட உக்காந்து பார்த்தேன். நாம புள்ளி எடுத்தா அவங்களோட சேர்ந்து நானும் தலையில கைய வெச்சுக்குவேன்."

"வெளியூர் ஆட்டம்? எங்க வீட்டுல ரேடியோ கேட்டோமே. உன்னைத்தான் கோழிக்கூண்டு பக்கம் அனுப்பினேனே?"

"சட்டைப்பைல சின்ன ரேடியோ. காதுல ஒயர்."

"அட பாவி!" என்றார் ஹாய்ட்.

வெர்லன் மேசை மேல் குனிந்தார். தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"உள்ளூர் ஆட்டம் மொத்தம் ஏழு. ஏழாவது தொப்பி எங்கடா? கடைசி ஆட்டம், டன்ஸ்டன் காலேஜ் குளவிங்களோட ஆடினோமே, அந்த ஆரஞ்சுத் தொப்பி எங்க?"

"அது வாங்கல."

"வாங்கலன்னா?"

"அன்னைக்குக் காலையில இதே மரத்தடியில என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதியே, ஞாபகம் இருக்கா? நீதான்டா எங்க ராசின்னு. எனக்கு மனசு கேக்கல. அன்னைக்கு நிஜமாவே வண்டியில உக்காந்துட்டேன்."

வெர்லனின் முகம் சிவந்துகொண்டே போனது. லீலண்ட் தயாராக நின்றார். பொய்யன், துரோகி, எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று.

"உக்காந்துட்டியா?" என்று கத்தினார் வெர்லன். "உன்னை யாருடா உக்காரச் சொன்னது?"

"நீதான்."

"நான் சொன்னா? பதினோரு தடவை நான் சொன்னதைக் கேக்காதவனுக்குப் பன்னெண்டாவது தடவை என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு? பட்டம் போச்சேடா! ஒரு புள்ளியில போச்சேடா!" மூச்சு வாங்கினார். "அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் எங்க உக்காந்த?"

"குத்த உணர்ச்சி. ஒரு நாளும் ஏமாத்தல. நாப்பது வருஷமும் வண்டியிலதான்."

"நாப்பது வருஷமும் நாம அடி வாங்கினோம்," என்றார் ஹாய்ட் பிரமித்துப்போய். "இவன் யோக்கியனா இருந்த வருஷம் பூரா அடி." சட்டென்று பொறி தட்டியது. மனைவி பக்கம் திரும்பினார். "நடீன்! சாக்ஸ் இல்ல! உன் மேல தப்பே இல்ல!"

"நாப்பது வருஷம் கழிச்சுத் தீர்ப்பு வந்துருச்சா? ரொம்ப சந்தோஷம். அந்த நாத்தம் புடிச்ச சனியனை மறுபடியும் துவைக்க விடாம வெச்சிருக்கீங்களே, இன்னைக்கு அதைக் கொளுத்தறேன்."

வெர்லன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. இன்றைக்கும் டன்ஸ்டன் குளவிகளோடுதான் ஆட்டம். கழுதைகள் இந்த வருடம் எட்டில் ஏழு தோற்றிருந்தன.

"நல்லதாப் போச்சு, இப்பவாவது தெரிஞ்சுதே," என்றார், ஒரு முடிவுக்கு வந்தவராக. "வாசல்ல ஆரஞ்சுத் தொப்பி விப்பான். ஓடு."

லீலண்ட் மெத்தையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். "வெர்லன், நான் அடுத்த மாசம் ஊரை விட்டுப் போறேன். இன்னைக்கு உங்களோட உக்காரலாம்னு நெனச்சேன்."

நடீன்தான் முதலில் எழுந்தாள். "வாங்க லீலண்ட். என் பக்கத்துல உக்காருங்க. தோத்தா தோக்கட்டும், இன்னைக்கு என்ன புதுசா?" வெர்லனைப் பார்த்த பார்வையில் அவர் கையிலிருந்த இடுக்கி கீழே இறங்கியது.

"சரி, வா," என்றார் வெர்லன். பல் பிடுங்கப் போகிறவன் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தார். "வாடா. இருபத்திரண்டாவது வரிசை. உன் சீட்டு அங்கேயேதான் இருக்கு."

நான்கு பேரும் நடந்தார்கள். லீலண்டுக்கு முழங்கால் வலி மறந்துபோனது. கல்லூரிப் பிள்ளைகளின் வாத்தியம் உள்ளேயிருந்து முழங்கியது. வாசலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் நம் ஆட்கள், வலது பக்கம் வெளியூர்க்காரர்கள். கையில் டிக்கெட்டோடு இடது பக்கம் இரண்டு எட்டு வைத்தார். வெர்லன் எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஹாய்ட் தரையைப் பார்த்தார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. லீலண்டும் அந்த ராசியை நம்பினார். அவர்களைவிட அதிகமாக நம்பினார். ஆறு தொப்பியும் அவர் தலையில் இருந்தவை அல்லவா. நாம் போய் உட்கார்ந்து, கழுதைகள் தோற்று, அதைச் சுமந்துகொண்டு மினசோட்டாவில் சாகும்வரை பனியைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று நினைத்தார்.

"அந்தத் தொப்பி என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார்.

வெர்லனின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல வெளிச்சம் வந்தது. "நான் வாங்கித் தரேன்! விடு, நான் வாங்கித் தரேன்!" என்று அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தார்.

"நீங்க மூணு பேருமே கழுதைங்க," என்றாள் நடீன். கண் கலங்கித்தான் திட்டினாள். ஆண்கள் காதில் அது பாராட்டாகவே விழுந்தது.

எதிர்ப் பக்கத்தில், ஆரஞ்சுக் கூட்டத்துக்கு நடுவில், பூவேலை தெரியாமல் மெத்தையைக் கவிழ்த்துப் போட்டு லீலண்ட் உட்கார்ந்தார். மூன்றாம் கால் பகுதியில் கழுதைகள் ஒரு டச்டவுன் போட்டு முந்தின. மைதானத்துக்கு அந்தப் பக்கம், இருபத்திரண்டாவது வரிசையில், மூன்று சின்ன உருவங்கள் எழும்பி எழும்பிக் குதித்தன. லீலண்ட் பழக்கதோஷத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். கைபேசி அடித்தது.

"அசையாதே!" என்றது வெர்லனின் குரல். "அப்படியே இரு. ஒண்ணுக்குக்கூடப் போகாதே."

"சரி."

"அங்கேருந்து நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. உங்க பக்கத்துல ஒரு சீட்டு காலியா இருக்கறதுகூடத் தெரியுது."

"அதுல நடீன் பை வெச்சிருக்கா," என்றார் வெர்லன். "போனை வெச்சிடறேன், பந்து அவங்ககிட்ட இருக்கு."

லீலண்ட் கைபேசியைப் பையில் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. பக்கத்தில் முகம் முழுக்க ஆரஞ்சுச் சாயம் பூசிய ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. தோளில் கையைப் போட்டு இறுக்கி அணைத்துக்கொண்டான்.

"அழாதீங்க பெரியவரே. இன்னும் ஒரு கால் பகுதி முழுசா இருக்கு. நம்ம பசங்க விடமாட்டாங்க."

நாற்பது வருடத்தில் அவர் தோளில் கை போட்டு ஆட்டம் பார்த்த முதல் ஆள் அவன்தான். கையை எடுத்துவிடப்போகிறானே என்று லீலண்ட் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"விடமாட்டாங்க," என்றார்.